ஏரிச் சேற்றுக்கும் கிணற்று நீருக்கும் வயது பார்ப்பது: கையைக் கடிக்காத ஆய்வக முறைகள்

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று வயது சொன்னது கார்பன்-14 முறை. அதிலிருந்து, எந்த மண்ணாக இருந்தாலும் 'கார்பன் டேட்டிங்குக்கு அனுப்பலாமா' என்றுதான் முதல் கேள்வி வருகிறது. 'அணை கட்டிய பிறகு எவ்வளவு வண்டல் சேர்ந்தது', 'சுற்றியிருந்த காட்டை அழித்த பிறகு ஏரி வேகமாகத் தூர்கிறதா' போன்ற கேள்விகளுக்கு அது உதவாது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாக எடுக்கும் காலம், 5,730 ஆண்டு. நூறு ஆண்டுக் கணக்கை அதில் பார்த்தால் பிழைதான் பெரிதாக நிற்கும். கடந்த 100 முதல் 150 ஆண்டு வரையிலான சேற்றுக்கு ஏற்றது ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம். அதன் அரை ஆயுள் 22.3 ஆண்டு.

இந்த முறைக்கு, காமா கதிரை அளக்கும் விலையுயர்ந்த ஜெர்மானியம் டிடெக்டர் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது அவசியமில்லை. ஒரு சாதாரண வேதியியல் ஆய்வகமும், நாள் கணக்கில் கடன் கிடைக்கும் ஒரு ஆல்பா கவுன்ட்டரும் (ஆல்பா துகள்களை எண்ணும் கருவி) போதும். செலவைத் தீர்மானிப்பது எந்த ஏரியில் குழாயை இறக்குகிறோம், எத்தனை துண்டுகளை எண்ணுகிறோம் என்ற இரண்டு முடிவுகள்தான். அதனால் முதல் பாதி முழுக்கக் களவேலை பற்றியே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈயம்-210 எங்கிருந்து வருகிறது

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் கொஞ்சம் உண்டு. அது சிதைந்து ரேடியம்-226 ஆகி, அதிலிருந்து ரேடான்-222 என்ற வாயு பிறக்கிறது. ரேடானின் ஒரு பகுதி மண்ணிலிருந்து கசிந்து காற்றில் கலக்கிறது. அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான் என்பதால் சீக்கிரமே சிதைந்து ஈயம்-210 ஆகிறது. அந்த ஈயம் தூசியில் ஒட்டி, மழையோடு இறங்கி, ஏரித் தரையில் சேற்றோடு படிகிறது. இதை 'வான்வரவு' என்று வைத்துக்கொள்வோம். மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்ட ரேடானும் ஈயம்-210 ஆகிறது. இது 'மண்வரவு'. ரேடியம் இருக்கும் வரை மண்வரவு குறையாது. வான்வரவுக்குப் புதுச் சரக்கு மேலிருந்துதான் வர வேண்டும். புதைந்துபோன சேற்றில் அது 22.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மொத்தத்திலிருந்து மண்வரவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நமக்குக் கடிகாரம்.

பனிப்பாளங்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1963இல் காட்டியவர் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க். ஏரிச் சேற்றுக்கு அதைக் கொண்டுவந்த 1971ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் எஸ். கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும் இருந்தார்கள். அன்று இருவரும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டுக்காரர்கள் அடித்தளம் போட்ட முறையை நம் கல்லூரிகளில் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

படி 1: இடம்

தண்ணீர் வற்றாத இடமாகப் பாருங்கள். சமவெளிக் கண்மாய்களும் பாசன ஏரிகளும் கோடையில் காய்ந்து, வெடித்து, மாடு மிதித்து, வண்டல் அள்ளப்பட்டு, சில ஊர்களில் உழவும் பட்டவை. அங்கே மேல்மண் கீழும் கீழ்மண் மேலும் போயிருக்கும். அந்தச் சேற்றில் ஈயம்-210 அளந்தால் மேலிருந்து கீழ் வரை ஒரே எண்தான் வரும். கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை. கோடைக்கானல் ஏரி (1863), மேட்டூர் நீர்த்தேக்கம் (1934) போன்றவை நல்ல தேர்வுகள். கட்டிய ஆண்டு தெரியும் என்பதால், குழாய் பழைய தரை வரை இறங்கினால் அந்த எல்லைக்கோடே காசில்லாத ஒரு சரிபார்ப்பு. தூர் வாரிய வரலாறு இருந்தால் அதைப் பொதுப்பணித்துறைப் பதிவுகளிலும் உள்ளூர் மீனவர்களிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கழிமுகமும் சதுப்பும் கூட சரிதான், ஆனால் நண்டும் புழுவும் மேல் சில சென்டிமீட்டரைக் கிளறி வைத்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் இருப்பதுபோல் மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) மணல் கலந்த இடங்களில் மண்ணின் சொந்தக் கதிர்வீச்சே அதிகம். அங்கே வான்வரவு அதற்குள் மூழ்கிப்போகும். இன்னொன்று: வான்வரவின் அளவு ஊருக்கு ஊர் மாறும். நிலத்தின் மேல் வீசிவரும் காற்றில் ரேடான் அதிகம், கடல் காற்றில் குறைவு. ஒரு வட இந்திய ஏரிக்குக் கிடைத்த எண்ணை உங்கள் ஏரிக்கும் எதிர்பார்க்காதீர்கள்.

படி 2: சேற்றை எடுப்பது

உள்விட்டம் 6 முதல் 8 சென்டிமீட்டர் உள்ள ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய் வாங்குங்கள். பி.வி.சி.யும் வேலை செய்யும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேல்முனையில் தண்ணீர் வெளியேற வழிவிட்டு, தூக்கும்போது அடைத்துக்கொள்ளும் ஒரு வால்வு வேண்டும். நல்ல ரப்பர் அடைப்பானும் கயிறும் வைத்து உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம். கரையிலிருந்து விலகி, ஏரியின் ஆழமான, தட்டையான பகுதியில் படகை நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். ஓங்கிக் குத்தினால் மேலே இருக்கும் கஞ்சி போன்ற அடுக்கு கலங்கிவிடும். அந்த அடுக்குதான் இந்த ஆண்டு. அது போனால் கடிகாரத்தின் பூஜ்யமே போய்விட்டது.

தூக்கியதும் பாருங்கள்: சேற்றுக்கு மேல் நிற்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா? கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். குழாய் எவ்வளவு இறங்கியது, உள்ளே சேறு எவ்வளவு நீளம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் சேறு அழுந்தியிருக்கிறது.

குழாயை நிமிர்ந்த நிலையிலேயே கரைக்குக் கொண்டுவந்து, கீழிருந்து ஒரு பிஸ்டனால் தள்ளி, மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சில மில்லிமீட்டரைச் சீவி எறியுங்கள். குழாய்ச் சுவரில் மேல்சேறு கீழே இழுபட்டு வந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனி ஜிப் பையில் போட்டு, ஆழத்தைப் பையின் மீதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் சீட்டிலும் எழுதுங்கள்.

படி 3: எடை, உலர்த்தல்

ஈர எடை, பிறகு 60 டிகிரியில் உலர்த்திய எடை. துண்டின் கனஅளவு தெரியும் என்பதால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் உலர் மண் என்று கணக்கிடலாம். மேலிருந்து கீழாக அதைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆழத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதை விட இந்தக் 'கூட்டு எடை'யில் சொல்வதே சரி, ஏனென்றால் மேல்சேறு தண்ணீர் நிறைந்தது, கீழ்ச்சேறு இறுகியது. பல ஆய்வறிக்கைகளில் விடுபடும் கட்டம் இதுதான். தராசு மட்டும் போதும், ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அப்படியிருந்தும் விட்டுவிடுகிறார்கள்.

உலர்த்தும் அடுப்பை இன்னும் சூடாக்கி வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆல்பா முறையில் ஈயம்-210க்குப் பதிலாக நாம் அளக்கப்போவது, அது சிதைந்து உருவாகும் பொலோனியம்; அது வெப்பத்தில் ஆவியாகும் தன்மை உடையது. மஃபிள் ஃபர்னஸில் (உயர்வெப்ப உலை) எரித்த சாம்பலை ஆல்பா முறைக்குப் பயன்படுத்தவே கூடாது.

படி 4: காமாவா, ஆல்பாவா

ஈயம்-210 வெளியிடும் காமா கதிர் 46.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நூறு சிதைவில் நாலுதான் அந்தக் கதிரைத் தரும். இவ்வளவு மென்மையான கதிரை சேறே பாதி விழுங்கிவிடும். சாதாரண ஜெர்மானியம் டிடெக்டரின் அலுமினிய மூடி இன்னும் கொஞ்சம் விழுங்கும். மெல்லிய பெரிலியம் அல்லது கார்பன் ஜன்னல் வைத்த டிடெக்டர், திரவ நைட்ரஜன், ஈயக் கோட்டை, ஒரு மாதிரிக்கு ஒன்றிரண்டு நாள் என்று ஆகும். சோடியம் அயோடைடு டிடெக்டரை இதற்கு நினைக்கவே வேண்டாம். காமாவின் நன்மை என்னவென்றால் மாதிரி அழியாது, ரேடியம்-226உம் சீசியம்-137உம் அதே அளவீட்டில் கிடைக்கும். ரேடியத்துக்கு மாதிரியை ரேடான் கசியாத டப்பாவில் மூன்று வாரம் மூடி வைத்துவிட்டு அளக்க வேண்டும்.

ஆல்பா வழி குறுக்குவழி. ஈயம்-210இன் பேரன் பொலோனியம்-210. அதன் அரை ஆயுள் 138 நாள் என்பதால் இரண்டு ஆண்டு வயதான சேற்றில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஒன்றை அளந்தால் மற்றது தெரிந்த மாதிரி. அரை கிராம் சேறு போதும். சிலிக்கான் டிடெக்டர், சிறு வெற்றிட அறை, ஒரு பம்ப்: நைட்ரஜன் தேவையில்லை, பின்னணி எண்ணிக்கையும் ஏறக்குறையப் பூஜ்யம். கிலோவுக்கு 100 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு சிதைவு) உள்ள சேற்றில் அரை கிராம் எடுத்தால் 0.05 பெக்கரல். வேதியியலில் எண்பது சதவீதம் மீண்டு, டிடெக்டர் கால்வாசியைப் பிடித்தால் ஒரு நாளில் 860 சொச்சம் எண்ணிக்கை கிடைக்கும். அதன் புள்ளியியல் பிழை 3.4 சதவீதம். வண்டல் கணக்குக்கு இது தாராளம்.

மிக வேகமாகச் சேறு சேரும் இடங்களில் மேல் ஒன்றிரண்டு துண்டுகளில் மட்டும் சமநிலை வந்திருக்காது. அவற்றை ஒரு வருடம் அலமாரியில் வைத்துவிட்டு எண்ணுங்கள், இல்லை காமாவுக்குக் கொடுங்கள்.

படி 5: வெள்ளித் தகட்டில் பொலோனியம்

ஆசிட் வேலை முழுவதும் ஃப்யூம் ஹூட்டுக்குள், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. பொலோனியம்-209 டிரேசர் (ஒப்பிட்டு அளக்க, தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) வாங்கவும் வைத்திருக்கவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் முதல் நாளே பேசுங்கள். அவர் இல்லாத கல்லூரி என்றால் அனுமதி பெற்ற ஆய்வகத்தோடு சேர்ந்து இந்த ஒரு கட்டத்தை அங்கே செய்வது நல்லது.

அரை கிராம் உலர் சேற்றைத் துல்லியமாக எடைபோட்டு பீக்கரில் போடுங்கள். அளவு தெரிந்த டிரேசரைச் சேருங்கள். அடர் நைட்ரிக் ஆசிட் ஊற்றி 80 முதல் 90 டிகிரியில் பல மணி நேரம் மெதுவாகக் காய்ச்சுங்கள். இலைமட்கு நிறைய இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடை சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பொங்கி வெளியே வரும். மணல் துகள்கள் முழுதும் கரைய வேண்டியதில்லை. வான்வரவு துகளின் மேல்புறத்தில்தான் ஒட்டியிருக்கிறது. அதனால் ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட் பக்கம் போகாமலே தப்பிக்கலாம்.

காய வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றி மறுபடி வற்ற விடுங்கள். இதை மூன்று தரம் செய்யுங்கள். நைட்ரேட் மிச்சம் இருந்தால் வெள்ளித் தகட்டை அரித்துவிடும். பிறகு 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் கரைத்து வடிகட்டுங்கள். கரைசல் மஞ்சளாக இருக்கும், அது இரும்பு. அஸ்கார்பிக் ஆசிட், அதாவது வைட்டமின் சி தூளை, மஞ்சள் மறையும் வரை சேருங்கள். இதைச் செய்யாவிட்டால் பொலோனியத்துக்குப் பதில் இரும்பு வந்து தகட்டில் மல்லுக்கு நிற்கும்.

பாலிஷ் செய்த வெள்ளித் தகட்டின் பின்பக்கத்தை நெயில் பாலிஷ் பூசி மூடுங்கள். கரைசலில் தொங்கவிட்டு 80 முதல் 85 டிகிரியில் நாலைந்து மணி நேரம் கலக்கிக்கொண்டே இருங்கள். மின்சாரம் எதுவும் தேவையில்லை, பொலோனியம் தானாகவே வந்து படியும். வெள்ளி கட்டுப்படியாகவில்லை என்றால் செம்புத் தகட்டிலும் படியும். எடுத்து, நீரிலும் எத்தனாலிலும் அலசி, காற்றில் உலர்த்தி, ஆல்பா அறைக்குள் வையுங்கள்.

திரையில் இரண்டு முகடுகள் வரும்: 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் பொலோனியம்-210, 4.9இல் டிரேசர். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, டிரேசரின் அளவால் பெருக்கி, மாதிரியின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்ற விடை. கொஞ்சம் கரைசல் சிந்தியிருந்தாலும், டிடெக்டரின் திறன் சரியாகத் தெரியாவிட்டாலும் இரண்டு முகடும் ஒரே அளவில் குறைந்திருக்கும், விகிதம் மாறாது. டிரேசருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை என்பது இதனால்தான். ஒவ்வொரு தொகுப்பிலும் சேறே போடாத ஒரு வெற்று மாதிரியும், சர்வதேச அணுசக்தி முகமை தரும் ஒப்பீட்டு மண் ஒன்றும் சேர்ந்தே ஓட வேண்டும்.

எல்லாத் துண்டுகளையும் எண்ணாதீர்கள்

நாற்பது துண்டு இருக்கிறது என்பதற்காக நாற்பதையும் கரைக்க வேண்டாம். முதலில் மேலிருந்து கீழ் வரை இடைவெளி விட்டு எட்டுத் துண்டு. எண்கள் ஒழுங்காகக் குறைந்து, அடியில் ஒரு நிலையான மட்டத்தில் நின்றால் இந்தக் குழாய் உருப்படும் என்று அர்த்தம்; நடுவில் உள்ளவற்றைப் பிறகு நிரப்பலாம். தாறுமாறாக ஏறி இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு இடத்தில் குழாய் இறக்குங்கள். இந்த ஒரு பழக்கம் மிச்சப்படுத்துகிற அளவு பணத்தை எந்த மலிவுக் கருவியும் மிச்சப்படுத்தாது.

படி 6: கணக்கு

அடியில் மாறாமல் நிற்கும் அந்த மட்டம்தான் மண்வரவு. ஆல்பா வழியில் ரேடியத்தைத் தனியாக அளக்காமலே இப்படி எடுத்துக்கொள்ளலாம், குழாய் போதிய ஆழம் போயிருந்தால். அதை எல்லாத் துண்டுகளிலிருந்தும் கழியுங்கள்.

எளிய கணக்கு முதலில். மேற்பரப்பில் வான்வரவு 120 பெக்கரல், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் 15 என்று வைத்துக்கொள்வோம். எட்டில் ஒரு பங்கு, ஆக மூன்று அரை ஆயுள், அதாவது 67 ஆண்டு. வண்டல் வேகம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர். முறையாகச் செய்யும்போது வான்வரவின் இயல்மடக்கையை கூட்டு எடைக்கு எதிராக வரைந்து, கோட்டின் சாய்வால் 0.0311ஐ (ஈயம்-210இன் சிதைவு மாறிலி, 0.693 ÷ 22.3) வகுக்க வேண்டும். எக்செல் போதும். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வேகம் மாறவில்லை என்று பொருள்.

பெரும்பாலும் விழாது. காடு அழிந்த பிறகு, ரோடு போட்ட பிறகு வேகம் மாறியிருக்கும். அதற்கு 1978இல் ஆப்பிள்பியும் ஓல்ட்ஃபீல்டும் கொடுத்த சி.ஆர்.எஸ். (மாறாத வரவு) கணக்கு இருக்கிறது. வானிலிருந்து ஆண்டுதோறும் இறங்கும் ஈயம் மாறாது, சேறுதான் கூடிக் குறைகிறது என்பது அதன் அடிப்படை. குழாய் முழுவதிலும் உள்ள வான்வரவைக் கூட்டுங்கள். ஒரு ஆழத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து, இயல்மடக்கை எடுத்து, 0.0311ஆல் வகுத்தால் அந்த ஆழத்தின் வயது. மொத்தம் 4,000, கீழே 1,000 என்றால் 44.6 ஆண்டு. ஒரு எச்சரிக்கை: குழாய் குட்டையாக இருந்து அடிப்பகுதி விடுபட்டால் கீழ்த் துண்டுகளின் வயது உண்மையை விட அதிகமாகக் காட்டும். பழைய நூற்றாண்டு வயது கிடைத்ததே என்று மகிழ்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

படி 7: வேறொரு சாட்சி

ஈயம்-210 தனியாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. வழக்கமான சாட்சி சீசியம்-137. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களில் தொடங்கி 1963இல் உச்சம் தொட்டது. ஆனால் தென்னிந்திய அட்சரேகைகளில் இறங்கியதே குறைவு, அதிலும் இரண்டு அரை ஆயுள் கடந்து கால்வாசிதான் மிச்சம். 1986 செர்னோபில் முகடு ஐரோப்பிய ஏரிகளுக்கானது. அதை இங்கே தேட வேண்டாம்.

இங்கே மலிவான சாட்சிகள் வேறு. கடலோரக் காயல் என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுவந்து போட்ட மணல் அடுக்கு, கண்ணாலேயே தெரியும். சாலையோர ஏரி என்றால் சாதாரண ஈயத்தின் அளவு: ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுக்க 2000இல் நிறுத்தப்பட்டது, கல்லூரி ஏ.ஏ.எஸ். (அணு உட்கவர் நிறமாலை) கருவியிலேயே அந்த இறக்கத்தைப் பார்க்க முடியும். நீர்த்தேக்கம் என்றால் முன்னே சொன்ன பழைய தரை. இவற்றில் ஒன்றாவது ஈயம்-210 கணக்கோடு ஒத்துப்போனால் பிரசுரிக்கலாம்.

நிலத்தடி நீருக்கு: ட்ரிடியம்

நீருக்கு வரும்போது கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'இந்தத் தண்ணீர் 1950களுக்குப் பிறகு மழையாகப் பெய்ததா, அதற்கு முன்பா' என்பதற்குத்தான் ட்ரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் நம்பகமாகப் பதில் சொல்லும். அரை ஆயுள் 12.32 ஆண்டு. குண்டுக் காலத்துக்கு முந்தைய மழையில் 5 ட்ரிடியம் அலகு இருந்தது என்று வைத்தாலும், ஆறு அரை ஆயுளுக்குப் பின் இன்று 0.1ஐக் கூட எட்டாது.

போர்வெல்லில் மின்கடத்துதிறன் நிலைக்கும் வரை பம்பை ஓடவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். ஆசிட் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். இருட்டில் மின்னும் முள் உள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள்; சிலவற்றின் முள்ளில் ட்ரிடியமே இருக்கும்.

ஒரு அலகு என்பது லிட்டருக்கு 0.118 பெக்கரல்தான். தண்ணீரில் உள்ள கதிரியக்கத்தை எண்ணும் லிக்விட் சிண்டிலேஷன் கவுன்ட்டர் நேரடியாக இதைப் பார்க்காது. தண்ணீரை வாலைவடித்து, சோடியம் பெராக்சைடு சேர்த்து, குளிர்ந்த தொட்டியில் மின்னாற்பகுப்பு செய்து, அரை லிட்டரைப் பத்துப் பதினைந்து மில்லியாகக் குறைக்க வேண்டும். சாதாரண ஹைட்ரஜன் முதலில் வாயுவாகப் போகும், ட்ரிடியம் பின்தங்கிச் செறியும். வெளியேறும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இந்த ஏற்பாட்டைக் கல்லூரியில் புதிதாகத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனம் போன்ற ஆய்வகங்களுக்கு அனுப்புவதே சிக்கனம். உங்கள் பங்கு நல்ல மாதிரி, கிணற்றின் ஆழம், எந்த ஆழத்தில் நீர் வருகிறது என்ற விவரம், கூடவே அதே ஊரின் மழைநீர் ஒரு பாட்டில். மழையின் எண் தெரியாமல் கிணற்றின் எண்ணை வாசிக்க முடியாது.

விடை ஒரு அலகுக்கும் கீழே பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பழைய நீர். மழைக்கு நெருக்கமாக வந்தால் புதிய நீர் கலந்திருக்கிறது. நடுவில் வந்தால் பெரும்பாலும் மேலூற்றும் கீழூற்றும் ஒரே குழாயில் கலந்த நீர்தான். அதற்கு ஒரு வயது போட்டு அறிக்கையில் எழுதாதீர்கள். பழைய நீர் என்று வந்த கிணறுகளை மட்டும் கார்பன்-14க்கு அனுப்புங்கள். அதற்கு டெல்லி ஐ.யூ.ஏ.சி.யில் (பல்கலைக்கழகங்களுக்கான ஆக்ஸிலரேட்டர் மையம்) இருப்பது போன்ற, கார்பன்-14 அணுக்களையே எண்ணும் ஆக்ஸிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் ஒரு லிட்டர் நீரே போதும். பழைய பேரியம் கார்பனேட் முறைக்கு டிரம் கணக்கில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்புப் பாறைப் பகுதி என்றால் பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பன் நீரை இல்லாத கிழவனாக்கிக் காட்டும். திருத்தம் செய்ய ஆல்கலினிட்டியும் (நீரின் காரத்தன்மை) கார்பன்-13 விகிதமும் வேண்டும், அவற்றையும் அதே நாளில் கிணற்றடியிலேயே எடுத்துவிடுங்கள்.